ஜெபக்குறிப்பு

மே 5

வேங்கைக்கொல்லைக்கு வந்து சேர்ந்தாயிற்று. மலையேறின வழியெல்லாம் எனக்கு வாந்தி. சபைத் தோழி ரெஜினாதான் எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தாள். இவர் முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு இதுதான் விளங்கவில்லை. சபையில் எந்த ஊழியப் பயணத்துக்கும் இவர் வந்தது கிடையாது. “முழங்கால் வலி, நீ போயிட்டு வா” என்பார். போன வாரம் திடீரென்று தானே போய்ச் சபைப் போதகர் ஐயரிடம் பேர் கொடுத்துவிட்டு வந்து, “நானும் வாரேன்” என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த மலையில் மிஷனெரி ஊழியர் தவமணி என்று ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் வீட்டை ஒட்டி, ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு அறை கட்டிக்கொடுக்கப் போகிறோம். வாலிபர்கள் சுவர் எழுப்ப, பெண்பிள்ளைகள் சிறுவர்களுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க, நானும் ரெஜினாவும் எல்லாருக்கும் சமைக்க. தவமணியின் மனைவி கொடுத்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜோயல் ஐயர் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். நம் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புதுப்புது யோசனைக்குக் குறைச்சல் இல்லை. பெரியவர் ஒருவரும் சின்னவர் ஒருவருமாக ஜோடி சேர்ந்து தினமும் ஜெபிக்க வேண்டுமாம். ஜெபத் துணை என்று பேர். சீட்டுக் குலுக்கினார்.

“ஒரே ஒரு சட்டந்தான். உங்க துணை மனசுவிட்டுச் சொல்லுதத வேற யார்ட்டயும் சொல்லக் கூடாது. புருசன் பொண்டாட்டிகிட்டகூட.”

எனக்கு ஆல்வின் வந்தான். நம் சபைக் கோயிலில் மணியடிக்கிற கோயில் பிள்ளை ஜெயசீலன் மகன். இவருக்குக் கெனிட்டா. நர்சிங் படிக்கிற பெண். இவருடைய சீட்டு மட்டும் ஐயர் சட்டைப் பையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. பேசாமல் ஸ்தோத்திரம் சொன்னேன்.

மே 6

காலையில் உப்புமா. மத்தியானம் சாம்பார், முட்டைக்கோஸ்.

சுவருக்கு அஸ்திவாரம் எடுக்கிறார்கள். இவரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஐயர் கையைப் பிடித்து, பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் சீவிக்கொடுக்க உட்கார வைத்திருக்கிறார்.

பொழுது சாயப் பலாமரத்தடியில் இவரும் கெனிட்டாவும் ஜெபித்தார்கள். நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தேன். இவர் பேசப் பேச அந்தப் பெண் கண்ணைத் துடைக்கிறது. எனக்குத் தெரிந்து இவர் அழுகிற மாதிரி எதுவும் பேசுகிற ஆளில்லை. கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேசுவார்.

எனக்கும் ஆல்வினுக்கும் இரண்டே நிமிஷம். “எனக்கு உடம்பு சுகத்துக்காக ஜெபிப்பா” என்றேன். “சரி ஆன்ட்டி” என்றான். நான் ஜெபித்து முடித்துக் கண் திறந்தால் அவன் ஏற்கெனவே கண்ணைத் திறந்துகொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூடவே இல்லை என்று நினைக்கிறேன்.

மே 7

கெனிட்டாவுக்கு ஒரு ஆம்லெட் அதிகம் போட்டுக் கொடுத்தேன். அப்படியும் அவள் வாயிலிருந்து விஷயம் வரவில்லை.

மே 8

இங்கே டவர் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் கிடைக்குமாம். வாலிபர்கள் எல்லாம் சாயங்காலம் அங்கேதான். இன்றைக்கு ஜெபம் முடிந்ததும் இவரும் கெனிட்டாவும் அந்தப் பாறைக்குப் போனார்கள். முழங்கால் வலி என்கிற மனுஷன்! ஆனால் இவருடைய ஃபோன் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாத நம்பர் ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தப் பெண்ணின் ஃபோனில் யாரிடம் பேசுகிறார்?

மருந்து டப்பாவையும் பார்த்தேன். வழக்கமான பிரஷர் மாத்திரைதான். அதற்கப்புறம்தான் பக்கென்றது. நர்சிங் படிக்கிற பெண். அழுகை. ரகசியம். திடீரென்று சபைப் பயணம்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் கெனிட்டாவைப் பிடித்தேன்.

“இங்க பாருட்டி, உண்மையச் சொல்லு. அவியளுக்குக் கேன்சரா?”

“ஐயோ ஆன்ட்டி! என்ன இப்படிக் கேக்கிய? அங்கிளுக்கு ஒண்ணும் இல்ல.”

“அங்கிளுக்கு ஒண்ணும் இல்லன்னா வேற யாருக்கு?”

தேய்த்த தட்டையே திரும்பவும் தேய்த்தாள். “சொல்லக் கூடாதுல்லா ஆன்ட்டி. நீங்க அங்கிள்ட்டயே கேளுங்க.”

கேட்டேன். இவர், “ஜெபக்குறிப்புதான், வேற என்ன” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். வீட்டிலென்றால் விட்டிருக்க மாட்டேன். இங்கே ஒரே ஹாலில் சேலையைத் திரையாகக் கட்டி அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். திரைக்கு அந்தப்புறம் இவர் தூங்காமல் புரளுவது மட்டும் கேட்டது.

யாருக்கோ உடம்பு சரியில்லை. எங்கள் மகன் ராபினுக்காக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இருக்காது. பூனாவில் வேலை அதிகம் அவனுக்கு. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவன் இருக்கிற இடத்தில் டவர் சரியில்லையாம். இவர் கூப்பிட்டால் மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. உடம்பு சரியில்லை என்றால் பெற்ற தாயிடம் சொல்லாமலா இருப்பான்?

மே 9

மத்தியானம் மழை. சுவர் வேலை நின்றுபோனது. அடுப்படியில் ஆல்வின் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தான். ஜெபத்தை இப்போதே முடித்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தான். அப்புறம், “ஆன்ட்டி, என்னால ஜெபிக்க முடியல” என்றான்.

“உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு வருசமா முடியல. கண்ண மூடினா உள்ள ஒண்ணுமே இல்ல.”

இவன் பொருத்தனைப் பிள்ளை. ஜெயசீலனுக்கு வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, பிறந்தால் ஊழியத்துக்குக் கொடுப்பேன் என்று நேர்ந்து பிறந்தவன். வரும் ஜூனில் இறையியல் கல்லூரிக்குப் போகிறான். இந்தப் பயணம் முடிந்து ஊருக்குப் போன அன்றே சபை நடுவில் நிறுத்தி, கை வைத்து ஜெபித்து அனுப்புவதாக ஏற்பாடு. சபை முழுக்க அவனை இப்போதே “குட்டி ஐயர்” என்றுதான் கூப்பிடுகிறது.

“அப்பாட்ட சொல்லணும். எப்படிச் சொல்லுததுன்னு தெரியல. இங்க வந்தாவது மாறுமான்னு பாத்தேன். மாறல. பொய்யா கண்ண மூடிக்கிட்டு உக்காரவும் பிடிக்கல.” பிறகு சொன்னான்: “உங்கட்டதான் முதல்ல சொல்லுதேன்.”

“எல்லாம் சரியாப் போகும்பா” என்றேன். அவன் கையில் இருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தேன். அந்த வயதில் ராபினும் இப்படித்தான் அடுப்படியில் வந்து உட்காருவான்.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மே 10

ரெஜினாவிடம் மட்டும் சொன்னேன். ஜெபிப்பதற்காகத்தான்.

இவ்வளவு பெரிய பாரத்தை நான் ஒருத்தி சுமக்க முடியுமா? ஒரு வாலிபப் பிள்ளையின் ஆத்துமா. ஊரில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நானும் ரெஜினாவும் சேர்ந்து எத்தனை பேருக்காக உபவாசம் இருந்திருக்கிறோம். “பேர் வெளியில வரக் கூடாது கேட்டியா” என்று சொல்லித்தான் சொன்னேன்.

ரெஜினா கெனிட்டாவுக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிறாள். நான் ஒன்று சொன்னால் அவளும் ஒன்று சொல்வாள் என்றெல்லாம் நினைத்து நான் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக, “அந்தப் பொண்ணு உன்ட்ட ஏதாவது சொல்லிச்சா?” என்று கேட்டேன், அவ்வளவுதான். “வாயத் தொறக்க மாட்டேங்கா” என்றாள்.

சாமை அரிசியில் பொங்கல் செய்தேன். தண்ணீர் கூடிப்போய்க் குழைந்துவிட்டது.

மே 11

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சாயங்கால ஆராதனை. மழை விட்டு வெளியில் நல்ல வெளிச்சம். ஊர்ச் சனங்களும் கொஞ்சம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். “ஒருத்தர் பின்னால ஒருத்தரா சத்தமா ஜெபிக்கலாம்” என்றார் ஐயர். தவமணி ஜெபித்தார். ஒரு சின்னப் பெண் ஜெபித்தது. அப்புறம் ரெஜினா ஆரம்பித்தாள். அவளுக்கு ஜெபம் வந்துவிட்டால் அழுகையும் வந்துவிடும். மழைக்காக, மலை ஜனங்களுக்காக, சுவருக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு, “ஆண்டவரே, எங்க ஆல்வின் தம்பிய உம்ம கரத்துல தாரோம். அவன் உள்ளத்துல சாத்தான் போட்ட வெறுமைய எடுத்துப் போடும். பொருத்தனைப் பிள்ளையப் பின்வாங்க விட்டுராதேயும்” என்றாள்.

நான் கண் திறந்தேன். ஆல்வின் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ ஒரு சின்ன விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

ரெஜினா கண்ணை மூடியபடி இன்னும் வெகுநேரம் ஜெபித்தாள். ஆமென் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். “நீதானக்கா ஜெபிக்கச் சொன்ன? ஜெபிச்சேன்” என்றாள். அவள் முகத்தில் கள்ளமே இல்லை.

இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மே 12

ஆல்வினைக் காணவில்லை. விடிந்து பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது. பை இல்லை.

(மறுபடியும்)

கிடைத்துவிட்டான். நடந்ததை எழுதுகிறேன்.

தவமணி இரண்டு பக்கமும் ஆள் அனுப்பினார். “இந்த மழையில ஓடையில தண்ணி வந்திருக்கும்மா. தெரியாத பசங்க இறங்கிட்டா இழுத்துக்கும்” என்றாள் அவர் மனைவி. ஜெயசீலனிடம் நான் என்ன சொல்லுவேன்? இவர் கம்பை ஊன்றிக்கொண்டு ஓடைப் பக்கம் கிளம்பிவிட்டார். “முழங்காலோட எங்க போறிய?” என்று கத்தினேன். நின்று, திரும்பி, “லீலா, நீ யார்ட்ட சொன்ன?” என்று கேட்டார்.

“ஜெபிக்கத்தான்...” என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்காமல் நடந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு முன் கீழேயிருந்து வந்த ஜீப்காரர் ஒருவர், பை மாட்டிய பையன் ஒருத்தன் ரோட்டோரம் டீக்கடையில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். ஐயரும் டிரைவரும் வேனை எடுத்தார்கள். யாரும் கூப்பிடாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

மரத்தடி பெஞ்சில் இருந்தான். பேண்ட் முழங்கால்வரை சேறு. ஐயர் பக்கத்தில் போய் உட்கார்ந்து டீ சொன்னார். பாதி டீ குடித்த பிறகு சொன்னார்:

“ஜோடி சேத்தது என் தப்பு தம்பி. சட்டம் போட்டா போதும்னு நெனச்சிட்டேன். உங்கப்பாவுக்கு நான் ஃபோன் பண்ணல. நீயா எப்பச் சொல்லணுமோ அப்பச் சொல்லு. கூட நிக்கணும்னா நிக்கேன்.”

ஆல்வின் தலையை ஆட்டினான்.

“கை வைக்கிற ஜெபத்த நிறுத்திருதேன். இப்ப ஊருக்குப் போறியா, மேல வாறியா? பஸ்ஸுக்கு நேரம் இருக்கு.”

“சுவரு எவ்வளவுல நிக்கு?” என்று கேட்டான்.

“ஜன்னல் மட்டத்துல.”

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து வேனில் ஏறினான். என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும். “ஆல்வின்” என்றேன். “கால எடுத்துக்கோங்க ஆன்ட்டி” என்றான். எடுத்துக்கொண்டேன்.

மே 13

சமைத்தேன். பரிமாறினேன். பசங்கள் யாரும் என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. ரசம் வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறார்கள்.

எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. இவரும் கெனிட்டாவும்கூடப் பாறையில் அதைத்தான் பேசுவார்கள். இன்றைக்கு அறிந்துவிடுவது என்று பின்னாலேயே ஏறினேன். பாறைக்கு இந்தப் புறம் ஒரு நெல்லிமரம். அதன் மறைவில் நின்றேன்.

இவருக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். முதலில் குரல் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ராபின்.

“இன்னைக்கு அவளுக்கு எடை கொஞ்சம் ஏறியிருக்குப்பா. ஆனா மூச்சுக்கு இன்னும் மிஷின்தான்.”

கெனிட்டா ஏதோ கேட்டாள், ஆக்சிஜன் எவ்வளவு என்று. அவன் சொன்னான். “அப்படின்னா நல்லதுதான் அண்ணே. இந்த மாதிரி முந்திப் பிறந்த பிள்ளைங்களுக்கு முதல் ரெண்டு வாரந்தான் பயம்” என்றாள்.

பிள்ளை. எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மாதம் நிறையாமல், பூனாவில் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள்.

“அம்மா பக்கத்துல இல்லைல்லா?” என்று கேட்டான் ராபின்.

“இல்லடே. அடுப்படியில நிக்கா.”

“சொல்லிராதீங்கப்பா. போன தடவ ஷெரினுக்குக் கலைஞ்சப்ப சங்கத்துல அறிவிச்சு, ஆஸ்பத்திரியில கிடந்தவளுக்கு ஊர்லேருந்து எத்தனை ஃபோன். ஆளாளுக்கு ஒரு பாவத்தைச் சொல்லி, அதனாலதான் கலைஞ்சுதுன்னு அறிக்கை பண்ணச் சொன்னாங்க. அவ இன்னும் அதுலேருந்து எந்திரிக்கல.”

“உங்கம்மா கெட்டவ இல்லடே.”

“தெரியும்ப்பா. ஆனா நம்ம விஷயம்னு ஒண்ண வச்சிக்கிட அம்மாவுக்குத் தெரியாது.”

இவர் “அப்படிச் சொல்லாத” என்று சொல்வாரென்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி மூன்று நாளைக்கு முன்னால்தான் நான் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன்.

மருமகளுக்குக் கலைந்ததை அன்றைக்கு நான் அறிவித்தது ஜெபத்துக்காகத்தான். எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அதில் என்ன...

இறங்கி வந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்திருந்தது.

மே 14

ராத்திரி ரெஜினா தன் பாயை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுப் படுத்தாள். காலையில் தேங்காய் துருவும்போது, “என்னக்கா, முகமே சரியில்ல? என்ன விஷயம்? சொல்லு, ஜெபிப்போம்” என்றாள்.

வாய்வரை வந்தது. சொன்னால் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று தெரியும். யாராவது ஒருத்தர் கட்டிப்பிடித்தால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது.

“ஒண்ணும் இல்ல. மலைக் காத்து ஒத்துக்கல” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நம்பவில்லை. மத்தியானம்வரை என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். இவர் சட்டையை நான் மடித்தால் பார்க்கிறாள், கெனிட்டா என் பக்கம் வந்தால் காதைக் கொடுக்கிறாள். ஒருத்தர் நம்மை இப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவர் ஓட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. சாயங்காலம் நான் பலாமரத்தடியில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். ஆல்வின் வரமாட்டான் என்று தெரியும். ஆனால் வந்தான். கையில் சிமென்ட் காய்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

“நான் செஞ்சது தப்பு” என்றேன். “ஜெபத்துக்குன்னு சொல்லிக்கிட்டேன். அது பொய்.”

“ஏன் சொன்னிய?”

“எனக்கு வேற ஒண்ணு தெரிய வேண்டியிருந்தது. உன்னுதக் கொடுத்து அத வாங்கப் பாத்தேன்.”

அவன் அதைக் கேட்டுக்கொண்டான். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கையில் இருந்த சிமென்டை உரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில், “தெரிஞ்சுதா?” என்று கேட்டான்.

“தெரிஞ்சுது.”

“அதுக்கு ஜெபிக்கணுமா?”

“ஒரு பச்சப் பிள்ளைக்கு ஜெபிக்கணும். யாரு, என்னன்னு கேக்காத.”

“எனக்கு ஜெபம் வராது ஆன்ட்டி.”

“எனக்கும் இன்னைக்கு வரல.”

அதனால் சும்மா உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் கண்ணை மூடவில்லை. மலைக்கு மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தோம். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கே ஆச்சரியம்.

மே 15

ஓடு போட்டு முடித்தாயிற்று. ஊர்ப் பிள்ளைகள் உள்ளே புகுந்து சிமென்ட் தரையில் உருளுகிறார்கள். தவமணியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வந்த நாள்லேருந்து மாடு பால் குறைச்சிடுச்சுமா, இருந்ததத் தண்ணி விட்டுத்தான் எல்லாருக்கும் கொடுத்தேன், மன்னிச்சுக்குங்க” என்றாள். தலை நிமிர முடியவில்லை. என்னிடம் இருந்த நல்ல சேலை ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்.

இவர் பாறையிலிருந்து இன்றைக்குச் சீக்கிரமே இறங்கி வந்தார். நல்ல செய்தி என்று நடையிலேயே தெரிந்தது. ஒரு கையால் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார், ஊன்றக்கூட இல்லை. டீயை ஆற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்தேன்.

டீயைக் குடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, ஒண்ணும் கேக்கலையா?”

“இல்ல.”

“தினமும் கேப்பியே.”

“கேக்கல.”

டம்ளரைக் கீழே வைத்தார். “கெனிட்டா சொன்னா. நெல்லிமரத்துக்குப் பின்னால உன் சேலையப் பாத்தாளாம். ரெண்டு நாளா நான் காத்துக்கிட்டு இருக்கேன். யார் மூலமா வரும், ரெஜினா எப்ப வந்து துக்கம் விசாரிப்பான்னு.”

நான் கடலையையே உடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ அவகிட்டச் சொல்லலையா லீலா?”

“சொல்லல.”

“ஐயர்ட்ட?”

“யார்ட்டயும் இல்ல.”

இவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “அந்தச் சீட்டு நாந்தான் ஐயர்ட்டக் கேட்டு வாங்கினேன். டாக்டர்மார் சொல்லுதது ஒண்ணும் விளங்கல, நர்சு பிள்ளைன்னா விளக்கிச் சொல்லும்னு. வீட்டுல எந்த ஃபோன் வந்தாலும் நீதான எடுக்க” என்றார். நான் சந்தேகப்பட்டது சரிதான். அதைச் சொல்லிக்காட்ட வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை.

“வா” என்று எழுந்தார்.

“எங்க?”

“பாறைக்குத்தான். இப்பதான் ராபின்ட்டக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் ‘கூட்டிட்டு வாங்க’ன்னான்.”

ஈரப் பாறை. இவர் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். மேலே கெனிட்டா ஃபோனைக் கொடுத்துவிட்டு, நான் சொல்லாமலேயே இறங்கிப் போய்விட்டாள்.

முதலில் ராபின் பேசினான். அப்புறம் ஷெரின் பேசினாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கி வரும்போது ரெஜினா வாசலிலேயே நின்றாள். “எங்கக்கா போன? அழுதியா? என்ன, சொல்லு” என்றாள். நாளைக்கு விடியக்காலம் கிளம்ப வேண்டும், பெரிய சட்டியை இப்போதே தேய்த்துக் கட்டிவிடலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என்ன பேசினோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டார்கள். எனக்குச் சொன்னார்கள். நல்ல பேர். அதையும் எழுதவில்லை.